காளான்மேல் வாழும் கண்காணா உயிர்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே நம் சங்கத்தின் வழக்கம். இவ்வாண்டு அறிவியல் பற்றியும் ஒரு பேச்சு இருக்கட்டும் எனச் செயற்குழுவினர் விரும்பினர். நான் எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. குன்றிமணி அளவான இடத்தில் பல இலட்சம் அடங்கத்தக்க ஓர் உயிரைப் பற்றியது. காட்டுக் காளான்மேல் வாழும் ஈஸ்ட் என்னும் நுண்பூஞ்சையே அது. அவ்வகையில் இதுவரை எவரும் அறியாத ஒன்று கிடைத்தால், அது புதியது என்பதை எவ்வாறு துணிவது? இவ்வொரு வினாவுக்கு மட்டுமே இன்று விடை கூற முயல்கின்றேன்.

மழைக்காலத்தில் நம் குடியிருப்பின் பூங்காக்களில் ஓரிரவில் குடை விரித்து நிற்கும் காளானை நம் பிள்ளைகள் கண்டிருப்பார்கள். தமிழில் அதனை நாய்க்குடை என்கிறோம். இவ்வூர்ப் பிள்ளைகள் குகுர்முத்தா என்கிறார்கள். இரு மொழியாரும் அதன் பெயரோடு நாயைத் தொடர்புபடுத்தியிருப்பது வேடிக்கையே. ஊருக்கு ஊர் பெயர் வேறுபடும். ஒரே பெயர் பல பொருள்களைக் குறித்தலும் உண்டு. ஆதலின் எந்த உயிரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதில் ஐயம் இராதவாறு, உலகம் முழுமைக்கும் பொதுவான ஒரு பெயர் வேண்டும் என அறிஞர் துணிந்தனர்.

பெயரிடுதற்கு முன் பிரித்தறிய வேண்டும். பிரித்தறிய ஓர் அளவுகோல் வேண்டும். இது தமிழர்க்குப் புதிய செய்தியன்று. தொல்காப்பிய மரபியல் உயிர்களை அவற்றின் அறிவைக் கொண்டு ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக வகுக்கின்றது. புறத்தே வயிரம் உடையதனைப் புல் என்றும், அகத்தே வயிரம் உடையதனை மரம் என்றும் பிரிக்கின்றது. உயரத்தைக் கொண்டு பிரித்திருந்தால் தென்னையும் பனையும் மரமாகியிருக்கும். உள்ளமைப்பைக் கொண்டு பிரித்தமையால் அவை புல்லின்பாற் பட்டன. அளவுகோல் மாறினால் இனமும் மாறும் என்பதை இதனால் அறியலாம். நாம் காணப்போகும் நுண்ணுயிர்களின் வரலாறும் இத்தகையதே.

முதலில் ஈஸ்ட் என்பது யாது எனக் காண்போம். அது ஒற்றை உயிரணுவாக வாழும் பூஞ்சை. பெரும்பாலான ஈஸ்ட்டுகளில் தாயணுவின் பக்கத்தே ஒரு சிறு மொட்டு அரும்பிப் பெருத்துப் பிரிந்து சேயாகிறது. ஹாலந்து நாட்டு லேவன்ஹூக் 1680ஆம் ஆண்டு தாம் செய்த நுண்ணோக்கியில் பீர் மதுவை நோக்கிச் சிறு உருண்டைகளைக் கண்டார். ஆனால் அவை உயிருள்ளவை என்று அவர் கருதவில்லை. ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின்னர், 1837ஆம் ஆண்டை ஒட்டி, பிரான்சில் காஞார் தெ லா தூர், ஜெர்மனியில் ஷ்வான், கியூட்சிங் ஆகிய மூவரும் தனித்தனியே ஆராய்ந்து அவை உயிர்களே என அறிவித்தனர். சர்க்கரையை மதுவாக மாற்றுவது அவ்வுயிரின் வாழ்க்கைச் செயலே என்பதைப் பின்னர் லூயி பாஸ்டர் நிலைநாட்டினார். கோபன்ஹேகன் நகரில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் ஹான்சன் என்பார் 1883இல் ஒரே அணுவிலிருந்து தூய ஈஸ்ட் பயிரை வளர்த்துக் காட்டினார். மது கெட்டுப்போவதற்கு வேற்றினக் காட்டு ஈஸ்ட்டுகள் கலப்பதும் ஒரு காரணம் என்பது அதனால் தெளிவாயிற்று. தோற்றத்தில் ஒன்றுபோல் இருப்பவை செயலில் வேறாக இருத்தல் கூடும் என்ற பாடத்தை உலகம் அன்று கற்றது.

தாய்மார்கள் இங்கே ஒன்று வினவலாம்: நம் இட்டிலி மாவைப் பொங்கச் செய்வதும் இவ்வீஸ்ட்டுதானா? மாவில் ஈஸ்ட்டுகளும் காணப்படுவதுண்டு. ஆயினும் அங்கே பொங்கலும் புளிப்பும் உண்டாக்குவதில் முதன்மையானவை லூக்கனோஸ்டாக் முதலிய பாக்டீரியங்களே. ரொட்டியைப் பொங்கச் செய்வதில் ஈஸ்ட்டே தலைமை தாங்குகிறது. ஆகவே, நம் அடுக்களையிலும் கண்ணுக்குப் புலப்படாத இருவேறு குலங்கள் ஒரே தொழிலைப் புரிகின்றன.

இனி ஈஸ்ட் காளான்மேல் ஏன் வாழ்கிறது என்பது. காளானும் ஒரு பூஞ்சையே. அதன் சதையில் டிரிஹலோஸ் என்னும் சர்க்கரையும் மானிட்டால் என்னும் இனிப்புப் பொருளும் உண்டு. அது முதிர்ந்து அழுகத் தொடங்கும்போது ஈரமும் உணவும் ஒருங்கே கிடைக்கின்றன. காளானைத் தின்ன வரும் வண்டுகளும் ஈக்களும் தம் உடலிலும் குடலிலும் ஈஸ்ட்டுகளைச் சுமந்து ஒரு காளானிலிருந்து மற்றொன்றுக்குச் சேர்க்கின்றன. வேறு சில பூஞ்சைகள் பிற பூஞ்சைகளையே பற்றி வாழ்வன. பட்ட மரக்கொம்புகளில் கூழ்போல் மஞ்சளாகக் காணப்படும் டிரெமெல்லா அவ்வகையது. அதன் வாழ்க்கையில் ஒரு பருவம் ஈஸ்ட் வடிவிலேயே கழிகிறது. ஆதலின் ஈஸ்ட் என்பது ஒரே குலத்தின் பெயரன்று. பல குலத்துப் பூஞ்சைகள் மேற்கொள்ளும் ஒரு வாழ்க்கை முறையின் பெயர் என்று கொள்க.

இத்துறையில் நிகழ்ந்த பெரிய ஆய்வொன்றைக் கூறுகின்றேன. அமெரிக்க நாட்டின் தென்கிழக்கு மாநிலங்களிலும் பனாமா நாட்டிலும், காளான் முதலியவற்றைத் தின்னும் வண்டுகளைத் திரட்டி, அவற்றின் குடலில் வாழும் ஈஸ்ட்டுகளை ஸூ, மெக்ஹியூ, பிளாக்வெல் முதலிய அறிஞர் ஆராய்ந்தனர். மூன்று ஆண்டுகளில் 650க்கு மேற்பட்ட ஈஸ்ட் பயிர்களைப் பிரித்தெடுத்தனர். அவற்றுள் குறைந்தது 200 சிற்றினங்கள் அதுவரை எவரும் விளக்கியிராதவை என 2005இல் அறிவித்தனர். அன்று உலகம் அறிந்திருந்த ஈஸ்ட் சிற்றினங்களின் மொத்தத் தொகையில் அது ஏறத்தாழ நூற்றுக்கு முப்பது பங்கு! அறியாத உலகம் நெடுந்தொலைவில் இல்லை. அழுகும் காளானில் ஊரும் வண்டின் வயிற்றில் இருந்தது.

இப்போது ஆய்வு முறைக்கு வருவோம். காட்டில் காளானைக் கண்டதும், தூய்மை செய்த கத்தியால் அறுத்துத் தூய பையில் இடவேண்டும். எந்த இடம், எந்த நாள், எந்த மரத்தின் அடி, காளான் எவ்வகையது என்பவற்றை அப்போதே குறித்தல் வேண்டும். இக்குறிப்பு இல்லையேல் பின்னர்ச் செய்யும் ஆய்வு எத்துணைச் சிறந்ததாயினும் பயன் குறையும். ஆய்வுக்கூடத்தில் காளானின் சிறு துண்டைத் தூய நீரில் குலுக்கி, அந்நீரின் சில துளிகளை வளர்ப்புக் கூழின்மேல் பரப்புவர். சர்க்கரையும் மால்ட்டுச் சாறும் சேர்த்து அகர் என்னும் கடற்பாசிப் பொருளால் உறையச் செய்த கூழ் அது. பாக்டீரியங்கள் முந்திக்கொள்ளாதவாறு அதில் சிறிது அமிலமோ எதிருயிர் மருந்தோ கலப்பர்.

இந்த அகர் ஆய்வுக்கூடத்துக்கு வந்த வரலாறு தாய்மார்கள் பெருமை கொள்ளத்தக்கது. ஜெர்மனியில் ராபர்ட் காக் என்பாரின் ஆய்வுக்கூடத்தில் 1880களின் தொடக்கத்தில் நுண்ணுயிர் வளர்க்க ஜெலட்டினைப் பயன்படுத்தினர். அது வெப்பத்தில் உருகிவிடும். அங்கே பணியாற்றிய ஹெஸ்ஸே என்பாரின் துணைவியார் ஃபான்னி ஹெஸ்ஸே, தாம் சமையலில் பழக்கூழ் உறைய வைக்கப் பயன்படுத்திய அகரைக் கொள்ளலாம் என்றார். அன்று அடுக்களையிலிருந்து வந்த அப்பொருளே இன்றும் உலகெங்கும் நுண்ணுயிர் ஆய்வுக்கு அடித்தளமாக விளங்குகிறது.

சில நாள்களில் கூழின்மேல் வெண்ணெய்ப் பொட்டுகள் போன்ற குழுமங்கள் தோன்றும். வெண்மை, இளமஞ்சள், சில வேளை இளஞ்சிவப்பு எனப் பல நிறம். ஒரு பொட்டில் இருவகை உயிர்கள் கலந்திருத்தல் கூடும். ஆதலின் ஊசிமுனையால் எடுத்து மீண்டும் மீண்டும் புதிய கூழில் கீறித் தூய பயிரைப் பெறவேண்டும். இதில் பொறுமை இழந்தால் பின்வரும் அனைத்தும் பழுதாகும்.

தூய பயிர் கிடைத்தபின் தேர்வுகள் தொடங்கும். அணுவின் வடிவம் உருண்டையா, நீளமா? மொட்டு எப்பக்கம் அரும்புகிறது? வித்துக்கள் உண்டாகின்றனவா? பின்னர் ஒவ்வொரு சர்க்கரையையும் தனித்தனிக் குழாயில் கொடுத்துப் பார்ப்பர். குழாயினுள் தலைகீழாகக் கவிழ்த்த சிறு குழாய் ஒன்று இருக்கும். நொதித்தல் நிகழ்ந்தால் எழும் வாயு அதனுள் குமிழியாகத் தங்கும். முப்பதுக்கும் மேற்பட்ட கரிமப் பொருள்களை ஒவ்வொன்றாகக் கொடுத்து, எதனை உண்டு வளர்கிறது, எதனை உண்ணாது விடுகிறது என்று பட்டியலிடுவர். 37 பாகை வெப்பத்தில் வளருமா, நைட்ரேட்டைப் பயன்கொள்ளுமா என்பனவும் கேட்கப்படும். நெடுங்காலம் ஈஸ்ட்டின் இனம் இத்தகைய பட்டியலைக் கொண்டே முடிவு செய்யப்பெற்றது.

ஆயினும் இவ்வளவுகோலில் ஒரு குறை இருந்தது. ஒரே சிற்றினத்தைச் சேர்ந்த இரு பயிர்கள் ஒரு சர்க்கரையின்பால் வேறுபடுதல் உண்டு. வேறு வேறு சிற்றினங்கள் எல்லாத் தேர்வுகளிலும் ஒரே விடை தருதலும் உண்டு. உணவுப் பழக்கத்தை மட்டும் கொண்டு உறவு காணப் புகுந்தால், இட்டிலி உண்பவர் யாவரும் ஒரு குடும்பத்தார் என்று கூற வேண்டிவரும் அன்றோ!

ஆதலின் அறிஞர் மரபுப் பொருளாகிய டி.என்.ஏ.யை நாடினர். நம் தமிழ் மரபிலிருந்தே இதற்கு ஓர் உவமை கூறலாம். உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பிக்கும் முன்னர்ப் பல ஏட்டுச் சுவடிகளைத் திரட்டி ஒப்பிட்டார். ஏட்டைப் படியெடுப்போர் ஆங்காங்கே எழுத்தை மாற்றி எழுதிவிடுவர். அப்பிழை அதனைப் பார்த்து எழுதிய அடுத்த ஏட்டிலும் தொடரும். ஆகவே பாட வேறுபாடுகளைக் கொண்டு எந்த ஏடு எந்த ஏட்டின் வழிவந்தது என்று உய்த்துணரலாம். உயிரணு பிரியும்போதெல்லாம் அதன் மரபு ஏடும் படியெடுக்கப்படுகிறது. அரிதாக ஓர் எழுத்து மாறுகிறது. இரண்டு உயிர்களின் ஏடுகளில் மாறிய எழுத்துகள் மிகுதியானால், அவை பிரிந்து நெடுங்காலமாயிற்று என்பது பொருள்.

ஏடு முழுவதையும் படிப்பது முன்னாளில் எளிதன்று. அதனால் எல்லா ஈஸ்ட்டுகளிலும் காணப்படும் ஒரு சிறு பகுதியைத் தேர்ந்தனர். புரதம் சமைக்கும் ரைபோசோமுக்கு உரிய மரபணுவில் டி1/டி2 எனப்படும் அப்பகுதி ஏறத்தாழ 600 எழுத்துகள் கொண்டது. அமெரிக்க வேளாண்மைத் துறையின் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த கர்ட்ஸ்மன், ராப்னெட் இருவரும் ஏறத்தாழ 500 சிற்றினங்களில் அப்பகுதியை ஒப்பிட்டு 1998இல் ஓர் அளவை வெளியிட்டனர். வேறுபாடு மூன்று எழுத்துக்கு மேற்படாவிடில் இரண்டும் பெரும்பாலும் ஒரே சிற்றினம். ஆறு எழுத்தும் அதற்கு மேலும், அதாவது நூற்றுக்கு ஒன்று அளவில், வேறுபட்டால் அவை பெரும்பாலும் வெவ்வேறு சிற்றினங்கள் என்பதே அவ்வளவு.

'பெரும்பாலும்' என்ற சொல்லை நீங்கள் கருத்திற் கொள்ள வேண்டும். இவ்வளவு ஒரு கைகாட்டி மரமே அன்றிச் சட்டமன்று. இவ்வெல்லையை அண்டி நிற்கும் பயிரை வேறு மரபணுக்களைக் கொண்டும், இயலுமாயின் முழு மரபு ஏட்டைக் கொண்டும் ஆராய்தல் வேண்டும். பொதுக் களஞ்சியங்களில் வைக்கப்பெற்ற எழுத்து வரிசைகளிலும் தவறான பெயர் தாங்கியவை உண்டு. ஆகவே, ஒவ்வொரு சிற்றினத்துக்கும் மூலச் சான்றாகப் பாதுகாக்கப்பெறும் பயிரோடு ஒப்பிடுவதே நேரிய முறை. ஒரே காளானிலிருந்து கிடைத்த ஒரே பயிரைக் கொண்டு புதிய சிற்றினம் என்று அறிவிப்பதினும், வேறு வேறு இடங்களில் கிடைத்த பல பயிர்களைக் கொண்டு அறிவிப்பது வலிமையுடையது. ஒருவரைக் கண்டு ஊரின் இயல்பை உரைத்தல் ஆகாது.

எல்லாச் சான்றும் பொருந்தினால் பெயர் சூட்டலாம். இதற்கு உலகப் பொதுவான சட்டநூல் ஒன்று உண்டு. 2011ஆம் ஆண்டு இறுதிவரை புதிய பூஞ்சையின் விளக்கத்தை இலத்தீன் மொழியில் எழுதுதல் கட்டாயமாக இருந்தது. 2012 ஜனவரி முதல் நாளிலிருந்து ஆங்கிலத்திலும் எழுதலாம் என்றாயிற்று. 2013 ஜனவரி முதல் நாளிலிருந்து புதிய பெயரை மைக்கோபாங்க் முதலிய பதிவகம் ஒன்றில் பதிந்து எண் பெறுதல் வேண்டும். மூலச் சான்றாகும் பயிரை உறைநிலையிலோ உலர்நிலையிலோ, உயிர்ச்செயல் அடங்கிய நிலையில் பாதுகாக்க வேண்டும். வளர விட்டால் அதுவும் மாறிவிடும் அன்றோ! நெதர்லாந்தில் 1904இல் தோன்றிய பூஞ்சைக் காப்பகம் இத்தகையவற்றுள் புகழ் பெற்றது. நம் நாட்டில் சண்டிகரில் 1986இல் நிறுவப்பெற்ற நுண்ணுயிர்க் காப்பகம் இத்தொண்டைச் செய்து வருகிறது. புதிய உயிரினத்தைக் கண்டவர் அதனை உரிய காப்பகத்துக்கு அறிவித்துச் சான்றுப் பொருளையும் ஒப்படைக்க வேண்டும் என 2002ஆம் ஆண்டின் இந்திய உயிரியற் பன்மைச் சட்டமும் விதிக்கின்றது. பெயர் எம்மொழிச் சொல்லிலிருந்தும் பிறக்கலாம். இலத்தீன் வடிவம் பெற்றால் போதும். அஸ்ஸாமின் டிக்பாய் எண்ணெய் வயலில் கிடைத்த ஈஸ்ட் ஒன்று 2005இல் கேண்டிடா டிக்பாயென்சிஸ் என்று பெயர் பெற்று, அவ்வூரை உலகப் பட்டியலில் ஏற்றியது.

இத்துணை முயற்சியும் ஒரு பெயருக்காகவா என்று நீங்கள் கேட்பது நியாயமே. விடையாக ஓர் உண்மை நிகழ்ச்சியைக் கூறுகின்றேன்.

2009ஆம் ஆண்டு ஜப்பான் நாட்டில் ஒரு நோயாளியின் காதுத் துளையிலிருந்து புதிய ஈஸ்ட் ஒன்று பிரித்தெடுக்கப்பெற்றது. நான் மேலே கூறிய முறையிலேயே ஆராய்ந்து, அது புதிய சிற்றினம் எனக் கண்டு, இலத்தீனில் காது எனப் பொருள்படும் சொல்லால் கேண்டிடா ஆரிஸ் என்று பெயரிட்டனர். அன்று அது நூலில் சேர்ந்த மற்றொரு பெயர், அவ்வளவே. ஆனால் அவ்விளக்கம் வெளிவந்த பின்னரே, பிற நாட்டு மருத்துவமனைகளிலும் அவ்வுயிர் இருப்பதை உணரத் தொடங்கினர். தென் கொரியாவில் 1996இல் ஒரு நோயாளியின் குருதியிலிருந்து எடுத்துப் பாதுகாக்கப்பெற்ற பயிரும் அதுவே எனப் பின்னர்த் தெரியவந்தது. நம் தில்லி நகரத்து நோயாளிகளிடம் அது காணப்பட்டதை 2013இல் வெளிவந்த ஆய்வு உரைத்தது. மருத்துவமனைகளில் வழங்கிய தானியங்கிக் கருவிகள் அதனை வேறு ஈஸ்ட்டாகப் பிழைபடக் காட்டின. பழைய பெயரின் நிழலில் ஒரு புதிய பகை ஒளிந்திருந்தது. பல மருந்துகளுக்கு அடங்காமலும், படுக்கையிலும் கருவிகளிலும் நெடுநாள் தங்கியும் பரவும் அதனை, உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட பூஞ்சைப் பட்டியலில் மிகக் கடுமையான பிரிவில் சேர்த்தது. மருத்துவமனைக்கு வெளியே இயற்கையில் அது எங்கே வாழ்கிறது என்ற வினாவுக்கு முதல் விடை நம் அந்தமான் தீவுகளின் கடற்கரையிலிருந்து 2021இல் கிடைத்தது.

இனி நீங்களே எண்ணிப் பாருங்கள். ஏற்கெனவே பெயருள்ள உயிருக்கு மற்றொரு பெயர் சூட்டினால் நூல்களில் குழப்பம் விளையும். அதனைப் பின்னர்த் திருத்திக்கொள்ளலாம். புதிய உயிரைப் பழைய பெயரில் அடக்கிவிட்டால் நோயாளிக்குத் தவறான மருந்து போகும். போன உயிரைத் திருத்த இயலாது. அவசரமும் தீது, அலட்சியமும் தீது. இரண்டுக்கும் இடையே நடப்பதே இனங்காணும் கலை.

காளான்மேல் வாழும் ஈஸ்ட்டுகள் அனைத்தும் பகையல்ல. மனிதரைத் தாக்குவன மிகச் சில. ரொட்டி ஈஸ்ட்டின் துணைகொண்டு உருவாக்கிய ஹெபடைடிஸ் பி தடுப்பூசி 1986இல் வழக்குக்கு வந்தது; அது எண்ணற்ற குழந்தைகளைக் காத்துள்ளது. மரத்தின் சர்க்கரையைச் சாராயமாக மாற்றவல்ல ஈஸ்ட்டுகளும் உண்டு. வைக்கோலும் சக்கையும் எரிபொருளாவதற்கு அவை உதவக் கூடும் என அறிஞர் ஆராய்கின்றனர். எது நன்மை தரும், எது தீமை தரும் என்பது இனம் அறிந்த பின்னரே தெரியும். உலகில் பூஞ்சைச் சிற்றினங்கள் 22 இலட்சம் முதல் 38 இலட்சம் வரை இருக்கலாம் என 2017இல் ஒரு மதிப்பீடு வெளிவந்தது. பெயர் பெற்றவை அதில் மிகச் சிறு பங்கே. ஒரு காடு அழியும்போது, பெயர் பெறாத எத்தனை உயிர்கள் அதனுடன் மறைகின்றனவோ!

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு இறுதியாக இரண்டு வேண்டுகோள். காட்டுக் காளானை எக்காரணம் கொண்டும் உண்ணாதீர்கள். நஞ்சுடையதையும் நஞ்சற்றதையும் தோற்றத்தால் பிரித்தல் அரிது. தொட்டால் கையைக் கழுவுங்கள். ஆனால் பார்ப்பதற்கு அஞ்சாதீர்கள். எங்கே முளைத்தது, எந்த நாளில், எந்த மரத்தடியில், எந்தப் பூச்சி வந்தது என்று ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். அதனைத் தமிழில் எழுதுங்கள். பிறமொழி வழங்கும் ஊரில் வாழும் நமக்குப் பொருள்களின் தமிழ்ப் பெயர் நாளடைவில் நழுவிப்போதல் இயல்பு. காளான், பூஞ்சை, மொட்டு, வித்து, நொதித்தல் என்னும் சொற்கள் உங்கள் ஏட்டில் இருந்தால் அவை உங்கள் நாவிலும் நிற்கும்.

பெற்றோர்களே, பிள்ளை காளானருகே குனிந்து நின்றால், நேரமாயிற்று என்று கையைப் பற்றி இழுக்காதீர்கள். சற்றே உடன் நின்று பாருங்கள்.